டாய்லி நடுவில் துணி – கடிதம்

அன்புள்ள அக்கா,

ஷட்டில் என்ற சிறு நூல்கட்டையைப் பிடித்து, முடிச்சு முடிச்சாக லேஸ் போடும் டாட்டிங் வேலை கற்றுக்கொண்டு, டாய்லிக்காக (மேஜையில் விரிக்கும் சிறு அலங்கார விரிப்பு) 40ஆம் நம்பர் நூலில் வட்டமாக ஒரு லேஸ் முடித்திருக்கிறேன். உள்வட்டத்தின் விட்டம் 14 செ.மீ. மடிப்புக்குக் கொஞ்சம் விட்டு லினன் துணியை வட்டமாக வெட்டி, ஓரம் அடித்து, லேஸோடு சேர்த்தேன். துணி அப்பளம் மாதிரி நடுவில் எழும்பி நிற்கிறது. தையல் கடையில் ஜிக்ஜாக் அடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள தோழிக்கு,

தயவுசெய்து கொடுக்காதீர்கள். மெஷின் ஊசி முடிச்சுகளுக்குள்ளேயே இறங்கிவிடும். பிறகு பிரிக்க நினைத்தால் லேஸ்தான் போகும். இத்தனை நாள் விரலால் போட்ட முடிச்சு அது.

டாட்டிங் முழுக்க முடிச்சு. குரோஷா போல இழுத்தால் இழுபடாது. உங்கள் உள்வட்டத்தின் சுற்றளவு 44 செ.மீ. என்றால் அது 44தான். துணி அப்படியில்லை. வட்டமாக வெட்டியதும் நான்கு இடங்களில் ஓரம் இழைக்குச் சாய்வாக வந்துவிடும். மடித்து அடிக்கும்போது அந்த இடங்கள் நீண்டுகொள்ளும். நீண்டதை லேஸுக்குள் அடக்கினால், மிச்சத் துணி நடுவில்தான் எழும்பும். அதனால் துணியை முதலில் வெட்டவே கூடாது. லேஸைத் தைத்து முடித்த பிறகுதான் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும்.

இப்போது தைத்ததைத் துணிப் பக்கமிருந்து பிரித்துவிடுங்கள். புதுத் துணியை வெதுவெதுப்பான நீரில் அலசி, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். லினன் முதல் அலசலில் சுருங்கும். அது லேஸோடு சேர்ந்த பிறகு நடக்கக் கூடாது. லேஸையும் தனியே நனைத்து, தெர்மகோல் அட்டையில் வெள்ளைத் துணி விரித்து, வட்டம் பார்த்து ஒவ்வொரு பிக்கோவிலும் (லேஸ் ஓரத்தில் நிற்கும் சிறு நூல் வளையம்) குண்டூசி குத்திக் காயவையுங்கள். துருப்பிடிக்காத குண்டூசியாக இருக்கட்டும். துருக்கறை ஏறினால் வெள்ளை நூலைக் காப்பாற்றுவது கஷ்டம்.

அப்புறம் 25 செ.மீ. சதுரத் துணியை நான்காக மடித்துப் பிரியுங்கள். மடிப்புக் கோடுகள் இழையோடு நேராக ஓட வேண்டும். அவை சந்திக்கும் இடம்தான் வட்டத்தின் மையம். லேஸை மேலே வைத்து நான்கு கோடுகளிலும் முதலில் குத்துங்கள், பிறகு இடையிடையே. துணியை இழுக்காதீர்கள், அது சும்மா கிடக்கட்டும். உள்வட்ட பிக்கோக்களின் நுனியை ஒட்டி மெல்லிய பென்சில் கோடு போட்டு, அதன்மேல் இரண்டு சுற்று நெருக்கமான ஓட்டுத்தையல் போடுங்கள். துணி நீளாமல் பிடித்துவைப்பது இதுதான்.

இனி காஜா தையல், அதாவது பட்டன் ஓட்டையின் ஓரத்தில் நெருக்கமாகப் போடும் தையல். டாட்டிங் நூல் வேண்டாம், மெல்லிய தையல் நூல் போதும். ஓட்டுத்தையலை மூடிக்கொண்டே வாருங்கள். தையலின் முடிச்சு விளிம்பு வெளிப்பக்கம், லேஸ் இருக்கும் பக்கம் விழ வேண்டும். பிக்கோ வரும் இடத்தில் ஊசியை அதன் கண்ணுக்குள் விட்டு இரண்டு தையலாகப் பிடியுங்கள். டாட்டிங் முடிச்சை ஊசி தொடவே கூடாது. ஒரு பிக்கோ மற்றதைவிட நீளமாக இருந்தால் அதைக் கோட்டுக்குச் சற்று உள்ளே பிடித்தால் சரியாகிவிடும். இந்த வேலையை அவசரப்படாமல் பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள், ரசித்துச் செய்ய வேண்டிய இடம் இது.

சுற்று முடிந்ததும் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள், தையல் இறுகும். பிறகு திருப்பிப் போட்டு, லேஸை விரலால் விலக்கிக்கொண்டு, வெளியே நிற்கும் துணியைச் சிறிய கத்தரிக்கோலால் காஜாவை ஒட்டி வெட்டுங்கள். ஒரே மூச்சில் வெட்ட வேண்டாம், கால் வட்டம் கால் வட்டமாகப் போங்கள்.

அடிக்கடி துவைத்துப் புழங்குவதாக இருந்தால் மட்டும் அரை செ.மீ. விட்டு வெட்டி, பின்பக்கம் மடித்து ஹெம்மிங் செய்யுங்கள். ஓரம் கொஞ்சம் தடிக்கும், ஆனால் பிரியாது.

மேஜையில் விரிப்பதானால் தண்ணீராகக் கஞ்சி போட்டு, துண்டின்மேல் கவிழ்த்து இஸ்திரி போடுங்கள். பெட்டியில் வைப்பதானால் கஞ்சியே வேண்டாம், பூச்சி அரிக்கும்.

அன்புடன்,
அக்கா