மசேநி (மத்திய சேம நிதி) பணத்தை எடுத்து ஊரில் மனை வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 58. சிங்கப்பூர் ஈசூனில் கடன் முடிந்த நாலறை வீடு. மசேநியின் ஓய்வுக்காலக் கணக்கில், மாதத்தொகைக்காக ஒதுக்க வேண்டிய முழுத் தொகையும் ஒதுக்கியாகிவிட்டது. மசேநியின் சாதாரணக் கணக்கில் இன்னும் 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்கிறது. மாதத்தொகை தரும் வயதை 70 ஆக்கிவிடுவார்கள், ஜிஎஸ்டியும் மறுபடி ஏறும் என்று காப்பிக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். பணத்தை எடுத்துத் தஞ்சாவூர்ப் பக்கம் மனை வாங்கிவிடவா?

பதில்: வேண்டாம் ஐயா, இந்தப் பயத்துக்காக வேண்டாம்.

வயது பற்றிய பேச்சு எங்கிருந்து வருகிறது தெரியுமா? 2026 ஜூலை 1 முதல் ஓய்வு வயது 64, மறுவேலைவாய்ப்பு வயது 69. அது உங்களை வேலையில் வைத்திருக்க முதலாளிக்கு உள்ள கடமை. மசேநி மாதத்தொகை தொடங்கும் வயது 65தான். இந்த உயர்வுகளை 2019இல் அறிவித்தபோதே, மசேநிப் பணம் எடுக்கும் வயது மாறாது என்று அரசு சொல்லிவிட்டது. நீங்களாக விரும்பினால் 70 வரை தள்ளிப்போடலாம். தள்ளிப்போட்டால் தொகை கூடும். வேலை வயதையும் மாதத்தொகை வயதையும் குழப்பிக்கொண்டு பலர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள், பார்க்க வருத்தமாக இருக்கிறது.

ஜிஎஸ்டி ஏறாது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் சென்ற உயர்வை 2018 வரவுசெலவுத் திட்டத்திலேயே சொன்னார்கள். 8 விழுக்காடானது 2023இல், 9 ஆனது 2024இல். தயாராக நமக்கு ஐந்து வருடம் கிடைத்தது. மாதம் 2,000 வெள்ளி செலவழிக்கும் வீட்டுக்கு இன்னொரு விழுக்காடு என்றால் ஏறக்குறைய 20 வெள்ளி. அதற்காக 60,000 வெள்ளியை மண்ணில் புதைக்க வேண்டுமா? சரி, இன்னொன்று: விலைவாசியைச் சமாளிக்க அரசு வீடுகளுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டு வருடாவருடம் வரும் என்று நம்பியும் மாதக் கணக்குப் போடாதீர்கள். வந்தால் மளிகைக்கு ஆகட்டும்.

அந்தப் பணம் சாதாரணக் கணக்கில் குறைந்தது 2.5 விழுக்காடு வட்டி ஈட்டுகிறது, வருடத்துக்கு 1,500 வெள்ளி. முழுத் தொகை ஒதுக்கியவர் மீதியை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். மனை அப்படியல்ல. மருத்துவமனைச் செலவு வந்து நிற்கும் நாளில் விலை பேச ஆள் கிடைக்காது. நீங்கள் இங்கே குடிமகன் என்றால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) இருந்தாலும் அங்கே விவசாய நிலம் வாங்க முடியாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் சிங்பாஸ் (அரசின் மின்னடையாளம்) வழியாக மசேநி இணையத்தளத்துக்குள் போய், 65இல் மாதம் எவ்வளவு வரும் என்ற மதிப்பீட்டை எடுங்கள். வீட்டுக்கார அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, உங்கள் மாதச் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறைந்தால், இந்த 60,000இலிருந்து ஓய்வுக்காலக் கணக்குக்கு எவ்வளவு மாற்றலாம் என்று அப்புறம் எனக்கு எழுதுங்கள்.