ஏடிவி பாதி வழியில் அணைந்து அணைந்து போகிறது, சூடுதான் காரணமா?

கேள்வி: ஜொகூரில் ஏடிவி (கரடுமுரடான பாதையில் ஓடும் நாற்சக்கர மோட்டார் வண்டி) ஓட்டப் போனோம். இருபது நிமிடம் நன்றாக ஓடிய வண்டி திணறி நின்றது. கொஞ்ச நேரம் விட்டால் ஸ்டார்ட் ஆகிறது, மறுபடி நின்றுவிடுகிறது. இஞ்சின் சூடாகிவிட்டதா?

சூடாகவும் இருக்கலாம். ஆனால் இந்த அடையாளத்தைக் கேட்டதும் நான் முதலில் சந்தேகப்படுவது பெட்ரோல் டாங்க் மூடியைத்தான்.

போன டிசம்பரில் மச்சானும் அவர் மகனும் நானும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாக ஜொகூரின் கோத்தா திங்கி பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போனோம். மழைக்காலம், தோட்டத்துப் பாதை முழுக்கச் செம்மண் சேறு. பையன் ஓட்டிய வாடகை வண்டி நீங்கள் சொன்னது போலவே நின்றது. "சூடாயிருச்சு மாப்ள, ஆறட்டும்" என்றார் மச்சான். ஆறவிட்டோம், ஓடியது, ஐந்தாவது நிமிடம் திரும்பவும் நின்றது. டாங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுக்கும் சத்தம். "மாமா, டயர் பஞ்சரா?" என்று பையன் பயந்துவிட்டான்.

டாங்கில் பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். பல ஏடிவிகளில் மூடியிலிருந்து ஒரு சின்ன ரப்பர் குழாய் கிளம்பி ஹேண்டில்பார் பக்கம் செருகியிருக்கும். காற்று வருவது அது வழியாகத்தான். அதில் சேறு அடைத்தாலோ குழாய் மடங்கினாலோ டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் கீழே இறங்காது. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் கிண்ணத்தில் இருப்பது தீரும்வரை ஓடும், பிறகு திணறி அணையும். நிற்கிற நேரத்தில் கொஞ்சம் காற்று கசிந்து நுழைய, கிண்ணம் மறுபடி நிரம்புகிறது. அதைப் பார்த்துத்தான் நாம் "ஆறவிட்டால் ஓடுகிறதே" என்று நினைத்துக்கொள்கிறோம். குழாயைப் பிடுங்கி, வாயால் ஊதி, சேற்றை வெளியே தள்ளினேன். அதன் பிறகு வண்டி நிற்கவே இல்லை.

அதனால் வண்டி நின்றதும் கருவிப் பையைத் திறக்காதீர்கள். எப்படி நின்றது என்று யோசியுங்கள். சுவிட்சை அணைத்தது போல் ஒரே நொடியில் நின்றால் பெரும்பாலும் மின்சாரக் கோளாறு: சிவப்பு நிறுத்து பொத்தானில் கை பட்டிருக்கலாம், இழுபட்டால் இஞ்சினை அணைக்கும் பாதுகாப்புக் கயிறு கழன்றிருக்கலாம், குலுங்கலில் பேட்டரி முனையோ ஸ்பார்க் பிளக் தொப்பியோ தளர்ந்திருக்கலாம். திணறித் திணறி நின்றால் பெட்ரோல் அல்லது காற்று. பெட்ரோல் குழாய்த் திருகு திறந்திருக்கிறதா, சோக் (குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் நெம்புகோல்) இழுத்தபடியே இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் வெயிலில் ஓடிச் சூடான இஞ்சினுக்குச் சோக் தேவையே இல்லை. இழுத்து வைத்து ஓட்டினால் பிளக் கரி பிடித்துவிடும். இஞ்சின் உறுமுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை என்றால் இஞ்சினைக் குறை சொல்ல வேண்டாம், இஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெல்ட் இருக்கிற பெட்டிக்குள் தண்ணீர் போயிருக்கலாம்.

உண்மையிலேயே சூடு என்றால் எச்சரிக்கை விளக்கு எரியும், அல்லது ஆவி கிளம்பும். ரேடியேட்டரின் முகத்தில் சேறு அப்பியிருந்தால் இஞ்சின் ஆறியபின் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும். நிறுத்தும் இடத்தையும் பாருங்கள்: காய்ந்த மட்டைக் குவியல் மேல் சூடான சைலன்சரோடு வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்க வாய்ப்புண்டு.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஓடையைக் கடக்கும்போது தண்ணீருக்குள் நின்றுபோன வண்டியில் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தாதீர்கள். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால், அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். நியூட்ரலில் போட்டுக் கரைக்குத் தள்ளுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே நனைந்திருந்தால் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் இஞ்சினைச் சுழற்ற வேண்டும், அந்தத் துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியேறும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் அதற்கு மேல் ஓட்டாமல் கயிறு கட்டி இழுத்து வாருங்கள்.

வாடகை வண்டி என்றால் பிளக்கைக் கழற்றும் முன் கூட வரும் வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். எங்கள் வழிகாட்டி ஒரு மலாய்க்காரத் தம்பி. மூடிக் குழாயைக் காட்டியதும், திரும்பி வந்த கையோடு கொட்டகையில் இருந்த மற்ற வண்டிகளின் குழாய்களையும் வரிசையாக ஊதிப் பார்த்தார். இன்னும் இரண்டில் சேறு இருந்தது.