வின்னிபெக் வர்ற பாண்டி தம்பிக்கு, கேமரா விஷயமா

தம்பி, ஜனவரியில பாண்டிச்சேரியிலிருந்து கனடாவுல இருக்கற வின்னிபெக் வர்றதா எழுதியிருக்கீங்க. வாடகை எவ்வளவு, வேலை கிடைக்குமா, கேமரா கொண்டு வரலாமா, பனியை எடுத்தா படம் ஏன் மங்கிப்போகுதுன்னு நாலு கேள்வி. முதல் ரெண்டுக்கும் பதில் சொல்ல இங்க ஆளுக்குப் பஞ்சமே இல்ல. வந்து எட்டு மாசம் ஆனவர்கூட வகுப்பெடுப்பார். நான் கேமராவுக்கு மட்டும் வரேன்.

நான் நெல்லிக்குப்பம். கடலூர், பாண்டி மண்டபங்கள்ல கல்யாணப் படம் எடுத்துட்டு இருந்தவன். ஏசி ஹால்ல இருந்து வாசலுக்கு வந்தா லென்ஸ்ல ஆவி படியுமே, அது உங்களுக்கும் தெரியும். இங்க அது தலைகீழ். வெளிய போறப்ப ஒண்ணும் ஆகாது, உள்ள வர்றப்பதான் வினை.

2011 டிசம்பர்ல வந்தேன். அந்த வருஷம் குளிரே கம்மின்னு எல்லாரும் சலிச்சுக்கிட்டாங்க, எனக்கு அதுவே உயிர் போச்சு. மைனஸ் பதினஞ்சுல ஆத்தங்கரையில ரெண்டு மணி நேரம் எடுத்துட்டு வந்து, கேமராவை அடுப்பு மேடையில வெச்சேன். பக்கத்துல சோறு கொதிச்சுட்டு இருந்தது. அஞ்சு நிமிஷத்துல கேமரா முழுக்க முத்து முத்தா தண்ணி. துணியால துடைச்சுட்டு மறுநாள் காலையில திரும்ப வெளிய எடுத்துட்டுப் போனேன். உள்ள இருந்த ஈரம் உறைஞ்சு ஷட்டர் நின்னுபோச்சு. கடன்ல வாங்கின கேமரா.

மேல் வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணர் பார்த்துட்டு, "கமராவ பையோட வச்சிருக்கோணும், உடன திறக்கக் கூடாது"ன்னார். கேட்டதுல இருந்து அதுதான் வழக்கம்: வெளியவே மெமரி கார்டைக் கழட்டிப் பாக்கெட்ல போட்டுட்டு, கேமராவை ஜிப் பையில காத்துப் புகாம மூடி, உள்ள வந்து ரெண்டு மூணு மணி நேரம் தொடாம விடறது. உபரி பேட்டரி சட்டைக்குள்ள, உடம்புச் சூட்டுல இருக்கணும். குளிர்ல சார்ஜ் சீக்கிரம் இறங்கிடும்.

மங்கல் விஷயம் சின்னது. வெளிச்சத்தை அளக்கற கேமராவோட மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தர சாம்பல் நிறமாக்கப் பார்க்கும், வெள்ளைப் பனியையும் அப்படித்தான் மங்கலாக்கிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தோட வெளிச்ச அளவை, +1, நல்ல வெயில்னா +2 வரைக்கும் ஏத்துங்க, ஹிஸ்டோகிராம்ங்கற வெளிச்ச வரைபடம் வலது ஓரத்தை முட்டாம பார்த்துக்கங்க. பழகணும்னா கிளம்பறதுக்கு முன்ன மரக்காணம் உப்பளம் போங்க, உப்புக் குவியலும் இதே பாடுதான் படுத்தும்.

எடிட்டிங்ல நம்மாளுங்க பண்ற அட்டகாசம் தாங்கல. படத்தைத் துல்லியமாக் காட்டற கிளாரிட்டியை முழுசா இழுத்துப் பனியைக் கல்லுப்பு ஆக்கிடறாங்க. இல்லன்னா நீலத்தை ஒட்டுமொத்தமா துடைச்சுடறாங்க. நிழல்ல விழுற வெளிச்சம் வானத்துல இருந்து வர்றது, நீலமாத்தான் இருக்கும், விடுங்க. வெயில் படற இடம் மட்டும் வெள்ளையா இருந்தா போதும். கேமரா பதிவு பண்ணதை அப்படியே வெச்சிருக்கற ரா ஃபைல்ல எடுங்க, பின்னால திருத்த வசதி. டிசம்பர், ஜனவரியில சூரியன் நாள் முழுக்கத் தாழவே போகும், நாலரை, அஞ்சுக்கெல்லாம் இருட்டிடும். நம்ம ஊர் உச்சி வெயில் மாதிரி மதியம் வீணாப் போகாது. பக்கத்து வீட்டுக்காரன் கார்ல சாஞ்சு நின்னு எடுக்கற படமெல்லாம் என்கிட்ட காட்டாதீங்க.

ஷட்டர் நின்னுபோன அந்தக் கேமராவுல இருந்த கார்டு மட்டும் பிழைச்சது. அம்மாவுக்கு அனுப்பலாம்னு நாலு படம் எடுத்து வெச்சிருந்தேன். இங்க டிசம்பர் 29ஆம் தேதி சாயங்காலம், ஊர்ல 30 விடிஞ்சதும் தானே புயல் கரையேறிடுச்சு. அஞ்சு நாள் போன் எடுக்கல. ஆறாம் நாள் லைன் கிடைச்சப்ப அம்மா பின்கட்டுப் பலாமரம் சாஞ்சதையே திரும்பத் திரும்பச் சொன்னாங்க. படத்தைப் பத்தி நான் வாயே திறக்கல. பொங்கல் கழிச்சு ஊர்ல இருக்கற என் தம்பி அந்தப் படங்களைக் காட்டியிருக்கான். பார்த்துட்டு அம்மா கேட்டாங்களாம்: "இன்னாடா இது, நெய்வேலியில சாம்பல் கொட்டற எடமா?"