கேளுங்கள் சொல்கிறேன்

கேள்வி: எங்கள் வளவில் 5 ஊர்க்கோழிகளும் ஒரு சேவலும் நிற்கின்றன. நகர எல்லைக்குள் கோழி வளர்க்க விடக்கூடாது என்று பக்கத்து வீட்டார் முறைப்பாடு எழுதப் போகிறார்களாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
- வாசகி, குருமன்காடு, வவுனியா

பதில்: விடத்தான் வேண்டும், தங்கச்சி. 2010இல் முகாமிலிருந்து முள்ளியவளைக்குத் திரும்பியபோது எங்களிடம் இருந்தது ஒரு பேடு மட்டும். அயலில் வாங்கிய 9 முட்டைகளை உமி பரப்பிய பழைய கடகத்தில் அடைவைத்தேன். 21ஆம் நாள் காலையில் ஓட்டுக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம். அம்மா அன்றுதான் பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தா. டவுனில் இருக்கிறவர்களுக்கு அந்த முட்டை வேண்டாமா?

ஆனால் பக்கத்து வீட்டாரின் நித்திரையும் பெரிதுதான். முட்டையிடச் சேவல் தேவையில்லை, குஞ்சு பொரிக்கத்தான் தேவை. சேவலை ஊரிலுள்ள சொந்தக்காரரிடம் விட்டுவிடுங்கள். மணம் வருவது ஈரத்தால். மாரியில் கூட்டை நிலத்திலிருந்து உயர்த்தி, உமியைக் கிளறி, நனைந்ததை உடனே அள்ளி எருக்குழியில் போட்டு மூடுங்கள். இரவில் தீனியை வெளியே விடாதீர்கள். எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். மரநாய்க்கு நெருக்கமான கம்பிவலை அடியுங்கள். ராணிக்கெட் தடுப்பூசியை அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரித்துப் போடுங்கள். அந்த நோய் வந்தால் முழுக்கூடும் போய்விடும்.

முறைப்பாடு போகுமுன் நீங்களே வேலியடிக்குப் போய்க் கதையுங்கள். கையில் நாலு முட்டையும் கொண்டு போங்கள்.