ஆசிய ஓவியத்தையும் ஐரோப்பிய ஓவியத்தையும் ஒரே அறையில் வைத்துக் காட்டும் கண்காட்சிகளால் என்ன பயன்?

கேள்வியைப் பார்த்தால், அப்படி ஒரு கண்காட்சிக்குப் போய் மனக்குறையோடு திரும்பியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. பயன் நிச்சயம் உண்டு. ஆனால் எதை எப்படி மாட்டுகிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

நான் ஆறு வருடம் ஓர் அருங்காட்சியகத்தில் தன்னார்வ வழிகாட்டியாக இருந்தேன். ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேவின் 1857ஆம் வருட மரக்கட்டை அச்சு ஒன்று, அதாவது மரத்தில் செதுக்கி மை தடவித் தாளில் எடுத்த படம், காட்சிக்கு வந்தது. பாலத்தின் மேல் திடீர் மழை, குடைக்குள் ஒடுங்கி விரையும் மனிதர்கள். ஒரு அடியைவிடச் சற்றுக் கூடுதலான உயரம்தான். 1887இல் டச்சு ஓவியர் வான்கோ இதைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். அந்த ஓவியம் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. எங்களிடம் இல்லாததால் அதன் புகைப்படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி நடுச்சுவரில் ஒட்டினார்கள். அசல் அச்சு மூலையில்! வந்தவர்கள் புகைப்படத்தின் முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒரு பள்ளிச் சிறுமி மட்டும் கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்கு நெருங்கிப் பார்த்து, "மழை ரெண்டு பக்கமா பெய்யுதே" என்றாள். அப்படித்தான் இருக்கிறது. மயிரிழை போன்ற கோடுகள் இரண்டு வேறு சாய்வுகளில், ஒன்றின் மேல் ஒன்றாக. அந்தக் கோடு மட்டும் புடைத்து நிற்கும்படி சுற்றியுள்ள மரத்தைச் செதுக்கி எடுத்த கை யாருடையதோ! வான்கோவோ வேறு அச்சுகளில் பார்த்த ஜப்பானிய எழுத்துகளை வைத்துப் படத்தைச் சுற்றி ஒரு கரையே கட்டியிருக்கிறார். இரண்டையும் ஒரே அளவில் பக்கத்தில் வைத்திருந்தால் வந்த எல்லாரும் அந்தச் சிறுமியைப் போல நின்று பார்த்திருப்பார்கள்.

வான்கோவைக் குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தம்பி தியோவோடு சேர்ந்து நூற்றுக்கணக்கில் ஜப்பானிய அச்சுகளைச் சேர்த்தவர் அவர். 1887இல் பாரிஸில் ஒரு காபிக் கடையில் அவற்றைக் கண்காட்சியாகவே வைத்தார். "அப்படியானால் கிழக்கு கொடுத்தது, மேற்கு வாங்கிக்கொண்டது" என்பவர்களுக்கும் சொல்கிறேன், அதுவும் பாதிதான். இன்னொரு ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் புகழ்பெற்ற 'பேரலை' அச்சில் இருக்கும் நீலம் 1700களின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்ட சாயம். ஃபூஜி மலை அலைக்கு அடியில் அத்தனை சிறிதாகத் தெரிவதற்குப் பின்னால் டச்சுப் படங்கள் வழியாக ஜப்பானுக்கு வந்த தொலைவுக்காட்சி முறை, அதாவது தூரத்தில் இருப்பதைச் சிறிதாக வரையும் முறை, இருக்கிறது. எத்தனை கண்காட்சிகளில் இதை எழுதி வைக்கிறார்கள்?

    

 வெளிச்சம் பட்டால் சாயம் வெளிறும் என்பதால் ஹிரோஷிகேவின் அந்த அச்சைச் சில மாதங்களில் இறக்கிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். அது முறைதான். ஆனால் புகைப்படம் அடுத்த வருடமும் நடுச்சுவரில் இருந்தது. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.