பி மதிப்பு 0.000 வந்தால் "வலுவான தொடர்பு" என்று எழுதலாமா?

உசிலம்பட்டி பக்கம் சுயஉதவிக் குழுப் பெண்கள் 400 பேரிடம் எடுத்த சர்வேயில், பத்தாவது முடித்தவங்க–முடிக்காதவங்க, தனியா சேமிக்கிறவங்க–சேமிக்காதவங்கன்னு கை-ஸ்கொயர் (ரெண்டு வகைப்பாட்டுக்கு நடுவே தொடர்பு இருக்கான்னு பார்க்கிற சோதனை) போட்டு 12.5 வந்திருக்கு, பி (தொடர்பே இல்லேன்னா இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலா வர வாய்ப்பு) 0.000, "மிக வலுவான தொடர்பு"ன்னு எழுதலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாங்க.

பி பூஜ்யம் ஆகவே ஆகாது. எஸ்பிஎஸ்எஸ்ங்கிற புள்ளியியல் மென்பொருள் மூணு தசமத்தோட நிறுத்திக் காட்டுது, அவ்வளவுதான். பி < 0.001 என்று போடுங்க. அது தொடர்பு இருக்குன்னுதான் சொல்லும், எவ்வளவுன்னு சொல்லாது. அதுக்கு, தொடர்பு எவ்வளவு வலுன்னு காட்டுற கிராமர் வி-ங்கிற அளவைப் பாருங்க: 12.5-ஐ 400-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தா 0.18. ரெண்டுக்கு ரெண்டு அட்டவணையில் 0.1 சிறியது, 0.3 நடுத்தரம்னு பொதுவா எடுத்துக்குவாங்க. ஆக உங்களுது சிறியதுதான். வைவாவில் (ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வு) இதைத்தான் பிடிப்பாங்க.

சதவீதத்தைப் படிப்பு வாரியா போடுங்க: பத்தாவது முடிச்சவங்கள்ல எத்தனை சதவீதம் சேமிக்கிறாங்க, முடிக்காதவங்கள்ல எத்தனை. சேமிக்கிறவங்கள்ல படிச்சவங்க எத்தனைன்னு திருப்பிப் போட்டா கேள்வியே மாறிடும். "கருதுகோள் நிரூபிக்கப்பட்டது"ன்னு கைடு எழுதச் சொன்னாலும், "இன்மைக் கருதுகோள் (தொடர்பே இல்லைங்கிற அனுமானம்) நிராகரிக்கப்படுகிறது" போதும்.

இன்னொண்ணு: ஒரே குழுவில் பத்துப் பதினைந்து பேரைக் கேட்டிருந்தா அவங்க பதில் ஒண்ணுபோல இருக்கலாம். கை-ஸ்கொயருக்கு ஒவ்வொருத்தர் பதிலும் மத்தவங்களைச் சாராம இருக்கணும், அதனால அது ஆகாது. எத்தனை குழுன்னு சொல்லுங்க, பார்ப்போம்.