மறு: அடிப்பிடித்த அண்டாவும் அடைத்த சிங்க்கும்

எல்லாரும் முறை போட்டுச் சமைக்கும் உங்கள் பொதுச் சமையலறையில், முந்தின நாள் முறைக்காரர் "ஊற வெச்சிருக்கேன்" என்று அடிப்பிடித்த அண்டாவை விட்டுப் போக, சிங்க்கும் அடைத்துக்கொள்ள, சாப்பாடு தாமதமானதற்குத் திட்டு மட்டும் உங்களுக்கா? வயிறு எரிகிறது. ஊறப் போட்ட பாத்திரம் தானே கழுவிக்கொண்டதாகச் சரித்திரமே இல்லை.

அண்டா எவர்சில்வர் என்றால், கருகிய இடம் மூழ்கத் தண்ணீர் விட்டு, இரண்டு ஸ்பூன் சமையல் சோடா போட்டுக் கொதிக்க விடுங்கள். ஆறியதும் மரக்கரண்டியால் நெம்பினால் கரி பொருக்குப் பொருக்காகப் பெயரும். கம்பி நாரால் தேய்த்துக் கையைப் புண்ணாக்க வேண்டாம். அலுமினியத்துக்குச் சோடா ஆகாது, கறுத்துவிடும். வினிகர் ஊற்றிக் கொதிக்க வையுங்கள்.

சிங்க்கில் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்குதான் வில்லன். குழாய்க்குள் ஆறிக் கெட்டியாகி, சோற்றுத் துகளையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். ரப்பர் பம்பால் அழுத்தி எடுங்கள். பிளீச்சிங்கையும் ஆசிட்டையும் மட்டும் சேர்த்து ஊற்றிவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

அடுத்த கூட்டத்தில் அந்த ஆள் பேரை இழுக்காதீர்கள், சண்டைதான் மிஞ்சும். சிங்க் காலியானால்தான் முறை முடிந்ததாகக் கணக்கு என்று மட்டும் கேளுங்கள். அதுவரை, உங்கள் முறை தொடங்கும்போது சமையலறையை ஒரு போட்டோ எடுத்துக் குழுவில் போட்டுவிடுங்கள்.